ஜவ்வரிசி ஆலைக்குப் புது பிஎல்சி: டேக் முறையா, ரெஜிஸ்டர் முறையா?

ஆத்தூர் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் எலெக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் தம்பி கேட்டிருக்கிறார். அவர்களுடைய பழைய மிட்சுபிஷி எஃப்எக்ஸ்2என் பிஎல்சியை (மெஷின்களை ஓட்டும் கன்ட்ரோலர்) அடுத்த சீசனுக்குள் மாற்ற வேண்டும். சேலத்திலிருந்து வந்த ஒரு இன்டக்ரேட்டர் (பிஎல்சி அமைத்துப் புரோகிராம் எழுதித் தருபவர்), டி100, எம்20 என்று எண் போட்டு எழுதும் காலம் முடிந்துவிட்டது, இனி பெயர் வைத்து எழுதும் டேக்தான் என்கிறார். இன்னொருவர், உள்ளே இருப்பது ஒரே மெமரிதான், எண் போட்ட ரெஜிஸ்டரிலேயே இருங்கள் என்கிறார். முதலாளிக்கு டிரையர் வெப்பநிலையும் மூட்டைக் கணக்கும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் தெரிய வேண்டும். இரண்டு பேரில் யார் சொல்வது சரி என்பது கேள்வி.

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன, தம்பி. எந்த முறையில் தவறு குறைவாக வரும் என்பது ஒன்று. புரோகிராம் எழுதியவர் கையில் இல்லாத நேரத்தில், சீசன் நடுவில், வந்த தவறை யார் கண்டுபிடிப்பார் என்பது இன்னொன்று. உங்கள் ஆலைக்கு இரண்டாவதுதான் பெரியது. பிடுங்கிய மரவள்ளிக் கிழங்கு இரண்டு மூன்று நாளிலேயே கெட ஆரம்பித்துவிடும். வாசலில் லாரிகள் நிற்கும்போது கிழங்கை அரைக்கும் ராஸ்பர் ஓடவில்லை என்றால் எது நவீனம் என்று யாரும் விவாதிக்க மாட்டார்கள். பேனல், பிஎல்சி என்று பல வருடங்களாக சேலம், ஆத்தூர், மேட்டூர் பக்கத்து ஆலைகளில் வேலை செய்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். உங்கள் புரோகிராமைப் பார்க்காமல் எழுதுவதால், கடைசி முடிவு உங்கள் பேனலைத் திறந்து பார்த்தவரோடு உட்கார்ந்து எடுக்க வேண்டியது.

முதலில் எண் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். 1969-இல் வந்த மோடிகான் 084 போன்ற முதல் பிஎல்சிகள் ரிலே பேனலுக்கு மாற்றாகச் செய்யப்பட்டவை. மெமரி மிகக் குறைவு, பெயர்களை வைத்துக்கொள்ள இடம் கிடையாது. அதனால் மெமரியின் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண் கொடுத்து, அந்த எண்ணையே லேடரில் (ரிலே சர்க்யூட் படம் போல எழுதும் புரோகிராம்) எழுதினார்கள். 1979-இல் மோடிகான் வெளியிட்ட மோட்பஸ் என்ற தகவல் பரிமாற்ற முறை இந்த எண் முறையைக் கம்பி வழியாகவும் கொண்டுபோனது. ரெஜிஸ்டர் முறை என்பது இவ்வளவுதான். ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள் அல்லவா, 14-வது வளைவு என்றால் இடம் தெளிவாகத் தெரியும், அங்கே இப்போது என்ன நிற்கிறது என்பது எண்ணில் இருக்காது. டி100-உம் அப்படித்தான். அதில் வெப்பநிலை இருக்கிறதா, மூட்டைக் கணக்கு இருக்கிறதா என்பது எழுதியவர் தலையிலோ அவருடைய நோட்டிலோ இருக்கிறது.

டேக் முறையில் நீங்கள் 'டிரையர்_வெப்பநிலை' என்று ஒரு பெயரையும், அது எந்த வகை மதிப்பு என்பதையும் சொல்கிறீர்கள். அது மெமரியில் எங்கே உட்கார வேண்டும் என்பதைச் சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும். ஆலன் பிராட்லியின் பழைய எஸ்எல்சி 500-இல் என்7:0, எஃப்8:0 என்று எழுதியவர்கள், அதே கம்பெனியின் கன்ட்ரோல்லாஜிக்ஸ் வந்ததும் டேக்குக்கு மாறினார்கள். சீமென்ஸ் எஸ்7-1200, எஸ்7-1500 ஆகியவற்றில் டேட்டா பிளாக்கை (மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் பகுதி) 'ஆப்டிமைஸ்டு' என்று வைத்தால், உள்ளே இருக்கும் மதிப்புக்கு நிலையான எண்ணே கிடையாது, பெயர் மட்டும்தான். மிட்சுபிஷியின் ஜிஎக்ஸ் ஒர்க்ஸ்3-இல் 'லேபிள்' என்பார்கள், அதுவும் இதேதான். 1993-இல் வந்த, பிஎல்சி புரோகிராம் மொழிகளுக்கான சர்வதேசத் தரமான ஐஈசி 61131-3 இரண்டையும் அனுமதிக்கிறது. நேரடி முகவரியும் எழுதலாம், பெயரும் எழுதலாம், ஒரு பெயரை ஒரு முகவரியோடு கட்டியும் வைக்கலாம். ஆகவே, உள்ளே ஒரே மெமரிதான் என்ற இரண்டாமவர் பேச்சு உண்மை. ஆனால் அந்த மெமரியை யார் பங்கு போடுகிறார் என்பதில்தான் எல்லா வித்தியாசமும் இருக்கிறது.

இதில் எனக்குச் சந்தேகமே இல்லாத விஷயம் ஒன்று உண்டு. ரெஜிஸ்டர் முறையில் வரும் தவறு சத்தம் போடாது. டேக் முறையில் வரும் தவறு பெரும்பாலும் சத்தம் போட்டுவிடும். இந்த ஒரு வித்தியாசத்தை நன்றாகப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது.

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு ஸ்டார்ச் ஆலையில் டிரையரின் வெப்பநிலை 70 டிகிரி வாக்கில் ஓட வேண்டும். திரையில் அது சரியாகத்தான் தெரிந்தது, ஆனால் 70.0, 70.5, 71.0 என்று அரை டிகிரி படியாகவே ஏறி இறங்கியது. ஆர்டிடியை (வெப்பநிலை சென்சார்) மாற்றினார்கள். டிரான்ஸ்மிட்டரை மாற்றினார்கள். எர்த் சரியில்லை என்று புதிதாகக் குழி தோண்டினார்கள். படி அப்படியே இருந்தது. உண்மையில் வெப்பநிலை ஒரு 32 பிட் தசம மதிப்பு, ஒரு ரெஜிஸ்டருக்கு 16 பிட்தான் என்பதால் அது டி200, டி201 என்ற இரண்டு ரெஜிஸ்டர்களில் இருந்தது. பிறகு வந்த ஒருவர் மூட்டைக் கணக்குக்காக டி199-ஐ எடுத்து, அதில் 32 பிட் கட்டளையால் எழுதியிருந்தார். 32 பிட் என்றால் டி199-ஓடு டி200-உம் சேர்ந்து போகும், கணக்கின் மேல் பாதி டி200-இல் விழும். கணக்கு 65,535-ஐத் தாண்டாத வரை மேல் பாதி பூஜ்யம்தான். ஆகவே ஒவ்வொரு ஸ்கேனிலும் (புரோகிராம் ஒரு முறை முழுதாக ஓடும் சுற்று) டி200-இல் இருந்த வெப்பநிலையின் கீழ்ப் பாதி பூஜ்யமாகிக்கொண்டே இருந்தது. 64-க்கும் 128-க்கும் இடைப்பட்ட தசம மதிப்பில் கீழ் 16 பிட்டுகளின் மொத்தப் பங்கு அரை டிகிரிதான். அந்தப் படி அங்கிருந்து வந்தது.

கவனியுங்கள், இதில் எந்த எரர் விளக்கும் எரியவில்லை. அந்த சாஃப்ட்வேரில் டி200 எங்கெல்லாம் வருகிறது என்று தேடினால், டி199 என்று எழுதியிருக்கும் கட்டளை பட்டியலில் வரவில்லை. மேல் பாதி கெட்டிருந்தால் வெப்பநிலை தாறுமாறாகத் தெரிந்து அன்றைக்கே பிடிபட்டிருக்கும். கீழ்ப் பாதி கெட்டதால் பொய்யான மதிப்பு உண்மை போலவே நின்றது. டேக் முறையில் இரண்டு பெயர்களும் தனித்தனி இடத்தில் உட்காரும், இந்த விபத்து தற்செயலாக நடக்க வழியில்லை. சீமென்ஸின் பழைய முறையிலும் இதே குழி உண்டு. எம்டபிள்யூ20 என்பது 20, 21 ஆகிய இரண்டு பைட்டுகள், எம்டபிள்யூ21 என்பது 21, 22. அடுத்தடுத்த எண் என்று நினைத்து இரண்டையும் பயன்படுத்தினால் நடுவில் ஒரு பைட் இரண்டு பேருக்கும் சொந்தம்.

டேக்கில் இன்னொரு பெரிய லாபம், பெயர் எங்கே சேமிக்கப்படுகிறது என்பது. உங்கள் எஃப்எக்ஸ்2என்-இலிருந்து புரோகிராமை அப்லோடு செய்தால் பெரும்பாலும் வெறும் எக்ஸ் (இன்புட்), ஒய் (அவுட்புட்), எம், டி எண்கள்தான் வரும். கமென்ட்டுகளைத் தனியாக பிஎல்சிக்குள் அனுப்பினால் ஒழிய அவை எழுதியவரின் லேப்டாப்பிலேயே தங்கிவிடும். சீமென்ஸின் பழைய எஸ்7-300-இலும் அதே கதை, சிம்பல்கள் என்னும் பெயர்கள் புராஜெக்ட் ஃபைலில் இருக்கும். கன்ட்ரோல்லாஜிக்ஸ் குடும்பத்திலும் எஸ்7-1200 குடும்பத்திலும் பெயர்கள் பிஎல்சிக்குள்ளேயே இருக்கின்றன. எழுதியவர் ஊரை விட்டுப் போனாலும், பாஸ்வேர்டு போட்டுப் பூட்டாமல் இருந்தால், அடுத்து வருபவர் அப்லோடு செய்து 'ராஸ்பர்2_ஓவர்லோடு' என்று படிக்க முடியும். இரவு நேரத்தில் பேனல் முன்னால் நிற்பவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று நின்றவருக்குத் தெரியும். ஆனால் பெயர் வைத்தவர் 'டெம்ப்1', 'பிட்_புதுசு' என்று வைத்திருந்தால் டேக் முறையும் உதவாது. டி57 என்றாவது நேர்மையாக ஒன்றும் சொல்லாது, தவறான பெயர் ஆளையே திசை திருப்பிவிடும்.

இனி டேக்கின் சிரமங்கள். இதை இன்டக்ரேட்டர்கள் முதலில் சொல்வதில்லை. ஸ்காடா, அதாவது மதிப்புகளைக் கம்ப்யூட்டர் திரையில் காட்டும் சாஃப்ட்வேர், உங்கள் மதிப்பைப் பெயரைச் சொல்லித்தான் கேட்கும். பிஎல்சியில் யாராவது அழகுக்காகப் பெயரை மாற்றினால் திரையில் அந்த இடம் உடனே செத்துவிடும். சத்தம் போடும் தவறு என்றேனே, அது இதுதான். நல்லதுதான், ஆனால் சீசனில் வரக் கூடாது. அடுத்தது, எஸ்7-1200-இல் டேட்டா பிளாக்கில் ஒரு புது மதிப்பைச் சேர்த்து டவுன்லோடு செய்தால், முன்கூட்டியே அதற்கு இடம் ஒதுக்கி வைக்காவிட்டால் அந்த பிளாக் முழுவதும் ஆரம்ப மதிப்புக்குத் திரும்பிவிடும். ஆபரேட்டர் பல வாரம் பார்த்துப் பார்த்துச் சரிசெய்த செட்பாயின்ட்டுகள் (வைக்க வேண்டிய அளவுகள்) எல்லாம் அதோடு போய்விடும். டவுன்லோடுக்கு முன் இருக்கும் மதிப்புகளை ஸ்னாப்ஷாட் எடுப்பதைப் பழக்கமாக்க வேண்டும். கன்ட்ரோல்லாஜிக்ஸில் தனி டேக்கை மெஷின் ஓடும்போதே சேர்க்கலாம், ஆனால் நாமே செய்த டேட்டா அமைப்பின் உறுப்பை ஓடும்போது மாற்ற முடியாது, நிறுத்தித்தான் டவுன்லோடு செய்ய வேண்டும். பேனலில் ஆபரேட்டர் பார்க்கும் பழைய எச்எம்ஐ திரையை அப்படியே வைத்துக்கொள்ள நினைத்தால், அது எண்ணைச் சொல்லிக் கேட்கும் வகை என்றால் ஆப்டிமைஸ்டு பிளாக்கை அதனால் படிக்கவே முடியாது. அந்த ஒரு பிளாக்குக்கு மட்டும் ஆப்டிமைஸை எடுத்துவிட வேண்டியிருக்கும்.

அப்புறம் கம்பி. முழுக்க டேக் உலகம் என்று ஒன்று ஆலையில் கிடையாது. மோட்டார் வேகத்தை மாற்றும் உங்கள் விஎஃப்டி, எனர்ஜி மீட்டர், எடை போடும் இண்டிகேட்டர் எல்லாமே பெரும்பாலும் ஆர்எஸ்-485 கம்பியில் மோட்பஸ் பேசும், மோட்பஸுக்குப் பெயர் தெரியாது. ஒவ்வொரு ரெஜிஸ்டரும் 16 பிட், ஒரு முறை கேட்டால் அதிகபட்சம் 125 ரெஜிஸ்டர்கள். நம் ஊரில் அதிக நேரத்தைத் தின்பது இங்கேதான். மேனுவலில் 40001 என்று இருப்பது கம்பியில் 0 என்ற முகவரி. சில சாஃப்ட்வேர் ஒன்றைத் தானாகக் கழிக்கும், சில கழிக்காது. ஒன்று தள்ளிப் படித்தால் எரர் வராது, பக்கத்து மதிப்பு வரும். டெல்டா டிவிபி பிஎல்சிகளில் டி0 என்பது மோட்பஸில் 4096-வது முகவரி, 44097 என்று எழுதுவார்கள். 32 பிட் மதிப்பில் எந்தப் பாதி முதலில் வரும் என்பதை மோட்பஸ் தரம் சொல்வதே இல்லை, கருவிக்குக் கருவி மாறும்.

இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பும் பக்கத்தில் 1.0 என்ற தசம மதிப்பை வையுங்கள். படிக்கும் பக்கத்தில் அந்த இரண்டு ரெஜிஸ்டர்களையும் வெறும் முழு எண்ணாகப் பாருங்கள். ஒன்றில் 16256-உம் இன்னொன்றில் 0-உம் வர வேண்டும். 16256 முதலில் வந்தால் மேல் பாதி முதலில் வருகிறது, இரண்டாவதாக வந்தால் கீழ்ப் பாதி முதலில் வருகிறது. இரண்டும் இல்லாமல் வேறு ஏதாவது வந்தால் பெரும்பாலும் முகவரி தள்ளியிருக்கிறது. அளவீட்டுக் கருவிக்குள் நம்மால் மதிப்பை வைக்க முடியாது, அதற்கு அதன் முகப்பில் தெரியும் மதிப்போடு ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமல் ஸ்காடா திரையை வரைய உட்காராதீர்கள்.

முதலாளி கேட்ட ஆபீஸ் கம்ப்யூட்டர் விஷயத்துக்கு எந்த முறையும் போதும். டேக் முறை பிஎல்சி என்றால் ஓபிசி யூஏ என்ற தகவல் பரிமாற்ற முறை வழியாகப் பெயரோடே மதிப்பை எடுக்கலாம், பல பிஎல்சிகளில் அது உள்ளேயே வருகிறது, சிலவற்றில் தனி லைசென்ஸ் கேட்கும். ரெஜிஸ்டர் பிஎல்சி என்றால் ஸ்காடாவில் ஒவ்வொரு எண்ணுக்கும் நீங்கள் பெயர் வைக்க வேண்டும். ஸ்காடாவிலும் அதை டேக் என்றுதான் சொல்வார்கள், பிஎல்சி டேக்கும் அதுவும் வேறு வேறு. பல ஸ்காடா சாஃப்ட்வேர்களின் விலை அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் போடப்படுகிறது என்பதால், கொட்டேஷன் வாங்கும்போது எத்தனை என்று கேட்டுக்கொள்ளுங்கள். எந்த முறையாக இருந்தாலும் வெளியே போக வேண்டிய மதிப்புகளை எல்லாம் ஒரே இடத்தில் தொடர்ச்சியாகக் கட்டி வையுங்கள். சிதறிக் கிடக்கும் டேக்குகளை ஒவ்வொன்றாகக் கேட்டால் திரை மெதுவாகத்தான் புதுப்பிக்கும்.

இனி உறுதியாகச் சொல்ல முடியாதவை. டேக் முறை வேகமானது என்பார்கள். எஸ்7-1500-க்கு ஆப்டிமைஸ்டு பிளாக்கே வேகம் என்று சீமென்ஸே சொல்கிறது, ஆனால் ராஸ்பரும் ஸ்டார்ச்சைப் பிரிக்கும் செப்பரேட்டரும் டிரையரும் ஓடும் ஆலையில் சில மில்லிசெகண்டுகள் யார் கண்ணிலும் படாது. டேக் முறை பாதுகாப்பானது என்பார்கள். பெயர் வைப்பது பூட்டுப் போடுவது ஆகாது. மோட்பஸில் யார் கேட்கிறார் என்று சரிபார்க்கும் வழியே இல்லை என்பது உண்மை, ஆனால் அதற்கு மருந்து பிஎல்சி நெட்வொர்க்கை இன்டர்நெட்டிலிருந்து தள்ளி வைப்பது. செலவு குறையும் என்பதும் பொதுவாகச் சொல்லக்கூடியது இல்லை, சாஃப்ட்வேர் லைசென்ஸையும் சேர்த்துக் கணக்குப் பார்க்காமல் நம்பாதீர்கள்.

உங்கள் ஆலைக்கு என்ன செய்யலாம்? ஒரே மாதிரி மெஷின்கள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணுங்கள். நான்கு செப்பரேட்டர் இருந்து, நான்குக்கும் ஓடுகிறது, டிரிப், ஆம்பியர், ஓடிய மணி நேரம் என்று ஒரே கணக்குத் தேவை என்றால் டேக் முறையை எடுங்கள். 'செப்பரேட்டர்' என்று ஒரு டேட்டா அமைப்பைச் செய்து நான்கு முறை பயன்படுத்தினால், ஒன்றில் திருத்தியது நான்கிலும் திருந்தும். அடுத்த வருடம் ஐந்தாவது வந்தாலும் வேலை எளிது. அப்படி இல்லாமல் முப்பது நாற்பது இன்புட் அவுட்புட், சில டைமர், ஒரு வெப்பநிலை லூப் அவ்வளவுதான் என்றால், உங்கள் ஊர் எலெக்ட்ரீசியன்களுக்குப் பழகிய எஃப்எக்ஸ் வகையிலேயே போவதில் எந்தக் குறையும் இல்லை. ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் பல்ப்பர், டிரையருக்கு வைக்கும் சின்ன கன்ட்ரோலருக்கெல்லாம் டேக் பற்றிக் கவலைப்படவே தேவையில்லை.

ரெஜிஸ்டரிலேயே இருந்தால் சில கட்டுப்பாடுகளை இன்டக்ரேட்டரிடம் எழுத்திலேயே கேளுங்கள். லேடர் எழுதும் முன்பே மெமரிப் பங்கீட்டைத் தாளில் போட வேண்டும்: ராஸ்பருக்கு டி1000 முதல், டிரையருக்கு டி1100 முதல் என்று, நடுவில் தாராளமாக இடம் விட்டு. 32 பிட் மதிப்பு எல்லாம் இரட்டைப்படை எண்ணில்தான் தொடங்க வேண்டும், அதன் அடுத்த எண்ணை யாரும் தொடக் கூடாது. மேலே சொன்ன அரை டிகிரி கதை இந்த ஒரு விதியால் நடக்காமல் போயிருக்கும். எஃப்எக்ஸில் எக்ஸ், ஒய் எண்கள் எட்டின் அடிப்படையில் போகும், எக்ஸ்7-க்கு அடுத்தது எக்ஸ்10, மிட்சுபிஷியின் கியூ வரிசை பிஎல்சிகளில் பதினாறின் அடிப்படை. வயர் முனையில் மாட்டும் எண் வளையமான ஃபெரூலில் அந்த எண்ணையே போடச் சொல்லுங்கள். மின்சாரம் போனாலும் அழியாமல் இருக்க வேண்டிய செட்பாயின்ட்டுகள் லேட்ச் பகுதியில்தான் இருக்க வேண்டும். டேக் என்றாலும் ரெஜிஸ்டர் என்றாலும், கமென்ட்டோடு கூடிய மூல ஃபைலும் பாஸ்வேர்டும் ஆலையின் கையில் வந்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள். இதைக் கேட்க யாரும் கூச்சப்பட வேண்டாம், பணம் கொடுத்து வாங்கிய பொருள் அது.

எதை வாங்குவது என்று முடிவெடுக்க அவகாசம் இருக்கிறது. பழைய பிஎல்சியிடமிருந்து எடுக்க வேண்டியதை எடுக்க அவகாசம் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். எஃப்எக்ஸ்2என் புரோகிராமைத் தன் ரேமில் பேட்டரி துணையோடுதான் வைத்திருக்கிறது, தனி மெமரி கேசட் போட்டிருந்தால் மட்டும் கதை வேறு. முகப்பில் பேட்டரி விளக்கு எரிகிறதா என்று பாருங்கள், எரிந்தால் ஆலையின் மெயினை அணைக்காதீர்கள். இந்த வாரமே ஒருவரைக் கேபிளோடு வரவழைத்து புரோகிராம், பாராமீட்டர், இருந்தால் கமென்ட் மூன்றையும் அப்லோடு செய்யுங்கள். புரோகிராமை மட்டும் எடுத்தால் டி ரெஜிஸ்டர்களில் இருக்கும் மதிப்புகள் வராது. டைமர் நேரம், வெப்பநிலை செட்பாயின்ட், பேட்ச் அளவு எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும், அதனால் டிவைஸ் மெமரியையும் தனியாகப் படித்துச் சேமிக்கச் சொல்லுங்கள். அந்த மதிப்புகளை ஒரு பிரிண்ட் எடுத்து, எது எதற்கு என்று உங்கள் மூத்த ஆபரேட்டரிடம் கேட்டுப் பக்கத்தில் எழுதிக்கொண்டே வாருங்கள். டேக் முறைக்குப் போனால் அந்தத் தாள்தான் பெயர்ப் பட்டியல், ரெஜிஸ்டரில் இருந்தால் அதுதான் பங்கீட்டுத் தாள்.